சென்னையின் நான்கு விளக்குகள்

மெரினாவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் கலங்கரை விளக்கம் சென்னையின் முதல் விளக்கு அல்ல, நான்காவது. முதல் விளக்கு 1796இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் உச்சியில் ஏற்றப்பட்டது. எரிந்தது தேங்காய் எண்ணெய்த் திரி! 1844இல் விளக்கு கோட்டைக்கு வடக்கே எழுந்த தனிக் கற்றூணுக்கு மாறியது. உயர் நீதிமன்ற வளாகத்தில் அந்தத் தூண் இன்றும் நிற்கிறது. சென்னைவாசிகளில் பலர் அதை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை என்பது வருத்தம்தான்.

1894இல் விளக்கு உயர் நீதிமன்றத்தின் உயரமான குவிமாடத்துக்கு மாறியது. கீழே வழக்கு, மேலே கப்பலுக்கு வழிகாட்டும் ஒளி. இப்படியொரு நீதிமன்றம் வேறெங்கே உண்டு? 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு வீசியபோதும் விளக்கு அங்கேதான் இருந்தது.

1977இல் விளக்கு மெரினாவுக்கு வந்தது.

கலங்கரை விளக்கத்தின் சூட்சுமம் விளக்கில் மட்டும் இல்லை, கண்ணாடியிலும் இருக்கிறது. சிதறும் ஒளியை அடுக்கடுக்கான பட்டகக் கண்ணாடிகள் ஒரே கற்றையாகத் திரட்டுகின்றன. அந்தக் கண்ணாடிக் கூடு சுழல்வதால், தொலைவில் இருப்பவருக்கு ஒளி மின்னி மறைவதாகத் தெரிகிறது. எத்தனை மின்னல், எவ்வளவு இடைவெளி என்பது விளக்குக்கு விளக்கு வேறுபடும். அதை எண்ணியே மாலுமி, இது எந்த ஊர்க் கரை என்று அறிகிறார்.

மெரினா கலங்கரை விளக்கத்தில் மேலே செல்ல மின்தூக்கி உண்டு. பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.