வாய் பிரிப்பது ஒன்று, இலக்கணம் பிரிப்பது வேறு

'நாங்கள் பேசுகிறோம்' என்பதற்குப் பிரெஞ்சில் 'நூ பார்லோன்' என்பார்கள். இதில் 'பார்லோன்' வினைச்சொல். கடைசி 'ன்' மூக்கொலி. வாய்விட்டுச் சொன்னால் 'பார்-லோன்' என்று இரண்டு அசை. இலக்கண ஆசிரியரோ 'பார்ல்' பகுதி, 'ஓன்' விகுதி என்று பிரிப்பார். பகுதியின் கடைசி மெய்யான 'ல்', உச்சரிப்பில் அடுத்த அசைக்குத் தாவிவிடுகிறது. உயிருக்கு முன் ஒற்றை மெய் வந்தால் அதை அந்த உயிரோடு சேர்த்துச் சொல்வதே பிரெஞ்சு வழக்கம்.

சொல் நீண்டால் இடைவெளியும் கூடும். 'அப்படி நேர்ந்தால் நாங்கள் பேசுவோம்' என்ற பொருள் தருவது 'பார்லரியோன்'. அசைகள் மூன்று: பார்-ல-ரியோன். எழுத்துப்படி உறுப்புகளோ நான்கு: பார்ல், எர், இ, ஓன். 'எர்' எதிர்கால வடிவங்களிலும் வருவது. 'இ' கடந்தகாலத் தொடர்வினையிலும் வருவது. இரண்டும் கூடும்போது நிபந்தனைப் பொருள் பிறக்கிறது.

அந்த 'எர்' எங்கிருந்து வந்தது? பிற்கால லத்தீனில் 'எனக்குப் பாட வேண்டியிருக்கிறது' என்ற பொருளில் 'கந்தாரே ஹபேயோ' என இரண்டு சொற்கள் வழங்கின. காலப்போக்கில் அவை ஒட்டிக்கொண்டு, 'பாடுவேன்' என்னும் ஒரே பிரெஞ்சுச் சொல்லாக, 'ஷான்தரே' ஆகிவிட்டன. 'கந்தாரே'யின் ஈறுதான் அந்த 'எர்'; அதன்பின் வரும் இன்றைய எதிர்கால விகுதி, தேய்ந்துபோன ஒரு துணைவினைதான்.

அச்சுக்கூடத்துக்குத் தனி விதி உண்டு. 'முடிக்கிறோம்' எனப் பொருள்படும் 'ஃபினிஸோன்' எழுத்தில் இரட்டை 'எஸ்' கொண்டது. பேச்சில் அது ஃபி-னி-ஸோன். வரி முடிவில் உடைக்க நேர்ந்தால் இரண்டு 'எஸ்'களுக்கு நடுவே கோடு போடுவார்கள். இலக்கணப்படியோ 'ஃபின்', 'இஸ்', 'ஓன்'.

விகுதி காதில் விழாத இடங்களும் உண்டு. நிகழ்காலத்தில் பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான், பேசுகிறார்கள் ஆகிய நான்குக்கும் ஒலி 'பார்ல்' மட்டுமே, வேறுபாடு இருந்தால் அது எழுத்தில்தான்.

ஆனால் வினை உயிரில் தொடங்கினால் நிலைமை மாறும். 'அவன் நேசிக்கிறான்' என்பது 'இ-லெம்'. 'அவர்கள் நேசிக்கிறார்கள்' என்பது 'இல்-ஸெம்'. ஒருமை பன்மையைக் காட்டுவது முன்சொல்லின் ஈற்றுமெய். அதுவும் வினையின் அசைக்குள் புகுந்துகொண்டு!

பிரெஞ்சு கற்கத் தொடங்குவோர் வினை அட்டவணையை அப்படியே மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு வடிவத்தையும் இருமுறை பிரித்து எழுதிப் பார்க்கலாம்: உச்சரிப்புக்கு ஒருமுறை, எழுத்துப்பிழை தவிர்க்க ஒருமுறை. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இரண்டாவது வேலை எளிதாகவே இருக்கும்.