மட்டாஞ்சேரி முதல் கிரிப்டோ வாலட் வரை: ஆன்லைன் மோசடியில் பறிபோகும் பணம் எங்கே செல்கிறது?

கொச்சி: கேரள மாநிலம் கொச்சியின் மட்டாஞ்சேரி பகுதியைச் சேர்ந்த பெண் ஒருவர், கடந்த 2025ஆம் ஆண்டு 'டிஜிட்டல் கைது' மோசடியில் சிக்கி ரூ.2.88 கோடியை இழந்தார். மும்பை போலீசார் எனக் கூறிக்கொண்ட கும்பல், பணமோசடி வழக்கில் அவருக்குத் தொடர்பு இருப்பதாக மிரட்டி, ஆன்லைனில் போலி நீதிமன்ற விசாரணையையே நடத்திக் காட்டியது. அதே ஆண்டில் கொச்சியைச் சேர்ந்த தொழிலதிபர் ஒருவர், போலி வர்த்தக செயலியை நம்பி சுமார் ரூ.25 கோடியை பறிகொடுத்தார்.

ஒருவரை வீழ்த்தியது அச்சம். மற்றொருவரை வீழ்த்தியது லாபம் கிடைக்கும் என்ற நம்பிக்கை. வலை வேறாக இருந்தாலும், இத்தகைய மோசடிகளில் பணம் கைமாறும் முறை பெரும்பாலும் ஒன்றுதான்.

மூன்று மடங்கான இழப்பு: மத்திய உள்துறை அமைச்சகத்தின் தரவுகளின்படி, சைபர் மோசடிகளால் நாட்டு மக்கள் இழந்த தொகை 2023இல் ரூ.7,465 கோடியாக இருந்தது. இது 2024இல் ரூ.22,845 கோடியாக உயர்ந்தது. கேரளாவில் மட்டும் 2024இல் ரூ.763 கோடி பறிபோனது.

பணம் செல்லும் பாதை: பாதிக்கப்பட்டவர் அனுப்பும் தொகை, முதலில் கமிஷனுக்காக மற்றவர்கள் கொடுத்த வங்கிக் கணக்குகளுக்குச் செல்கிறது. அங்கிருந்து சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குப் பிரிக்கப்படுகிறது. பின்னர் ஒரு பகுதி ரொக்கமாக எடுக்கப்பட, மற்றொரு பகுதி டாலர் மதிப்புடன் இணைக்கப்பட்ட 'யுஎஸ்டிடி' போன்ற கிரிப்டோகரன்சியாக மாற்றப்பட்டு வெளிநாட்டு வாலட்டுகளுக்கு அனுப்பப்படுகிறது. கணக்கை வாடகைக்குக் கொடுத்தவர்களும் வழக்கில் சிக்குகின்றனர்.

மீட்பது ஏன் கடினம்?: வங்கியில் உள்ள பணத்தை போலீசார் கேட்டுக்கொண்டால் முடக்க முடியும். கிரிப்டோ பரிவர்த்தனையோ, ஒருமுறை உறுதியாகிவிட்டால் திரும்பப் பெற இயலாதது. எந்த வாலட்டுக்குச் சென்றது என்பது பிளாக்செயின் பதிவேட்டில் தெரியும். ஆனால், அந்த வாலட் யாருடையது என்பது தெரியாது. அது ஒரு பரிமாற்ற நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்தால் மட்டுமே உரிமையாளரின் விவரத்தைக் கேட்டுப் பெற வாய்ப்பு உண்டு.

வரி எனும் பொறி: போலி கிரிப்டோ செயலிகள் தொடக்கத்தில் சிறு தொகையை லாபமாகத் திருப்பித் தந்து நம்பிக்கையை வளர்க்கின்றன. பெரும் தொகையை எடுக்க முயலும்போது, 'முதலில் 30 சதவீத வரியைச் செலுத்துங்கள்' என்கின்றன. இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி 2022 ஏப்ரல் முதல் அமலில் இருப்பது உண்மையே. ஆனால், அது வருமான வரித் துறைக்குச் செலுத்த வேண்டியது, செயலிக்கு அல்ல. விற்பனையின்போது பிடிக்கப்படும் 1 சதவீத டிடிஎஸ் தொகையும் விற்பனைத் தொகையிலிருந்தே கழிக்கப்படும். எனவே, சொந்தப் பணத்தை எடுக்க மீண்டும் பணம் கேட்பதே மோசடிக்கான தெளிவான அடையாளம்.

அதேபோல், 2023 மார்ச் முதல் கிரிப்டோ நிறுவனங்கள் பணமோசடி தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டுள்ளன. இந்தியாவில் சேவை வழங்கும் நிறுவனங்கள், மத்திய நிதி அமைச்சகத்தின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்வது கட்டாயம். இப்பதிவு லாபத்துக்கு உத்தரவாதம் அல்ல என்றாலும், பதிவில்லாத செயலியைத் தவிர்ப்பது முதல் பாதுகாப்பு.

உடனடியாக செய்ய வேண்டியது: பணத்தை இழந்தது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பரிவர்த்தனை எண், வாலட் முகவரி, உரையாடல் பதிவுகளை அழிக்கக் கூடாது. இழந்ததை மீட்டுத் தருவதாகக் கூறி கட்டணம் கேட்பவர்களையும் நம்பக் கூடாது.

இந்திய சட்டத்தில் 'டிஜிட்டல் கைது' என்ற நடைமுறையே கிடையாது. இத்தகைய மோசடிகளை விசாரிக்க சிபிஐக்கு உச்ச நீதிமன்றம் 2025 டிசம்பரில் உத்தரவிட்டது. எனினும், பணம் கிரிப்டோவாக மாறுவதற்கு முன் தடுக்க முடியுமா என்பது, பாதிக்கப்பட்டவர் எவ்வளவு விரைவாக புகார் அளிக்கிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது.