டைல்ஸ் வேண்டாம் என்பவருக்கு எதைக் கொடுப்பது?
சமையலறைச் சுவர்ப் பொருட்கள் பற்றி வியாபாரிகளுக்குச் சில விளக்கங்கள்

சமையலறைச் சுவருக்கு டைல்ஸ் தவிர வேறு என்ன இருக்கிறது என்று கேட்டு வரும் வாடிக்கையாளர்கள் திமிரி, ஆற்காடு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் பெருகி வருகிறார்கள். அவர்கள் சொல்லும் காரணங்கள் நியாயமானவையே. டைல்ஸ் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள் கறையும் ஏறிவிடுகின்றன. ஒரு டைல்ஸ் உடைந்தால் அதே டிசைன் மறுபடி கிடைப்பதில்லை. குஜராத் மாநிலம் மோர்பியிலிருந்து லாரியில் வரும் சரக்கில் உடைசல் வேறு. பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்களோ சுவரைக் கொத்தத் தயங்குகிறார்கள்.

இதனால் டைல்ஸ் மோசமான பொருள் என்று ஆகிவிடாது. தீ, தண்ணீர், புளி, எலுமிச்சை எல்லாவற்றையும் அது தாங்கும். மாற்றுப் பொருட்களில் ஒவ்வொன்றும் இவற்றில் சிலவற்றைத் தாங்கும், சிலவற்றைத் தாங்காது. ஆகவே கேட்லாக்கைப் பிரிக்கும் முன்பு இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். சுவரில் ஓதம், உப்பு இருக்கிறதா? ஒட்டப்போவது அடுப்புக்குப் பின்னாலா, மற்ற இடத்திலா?

முதலில் சுவரைப் பாருங்கள்

நம் தோல் தொழில் பகுதியில் தண்ணீர் உப்பு என்பது யாவரும் அறிந்ததே. 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தோல் கழிவு வழக்கில் அளித்த தீர்ப்பில், இப்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குப் பயன்படாமல் போனது என்ற ஆய்வு விவரம் இடம்பெற்றது. உப்புத் தண்ணீரில் கலவை போட்ட சுவரில், ஈரம் காயும்போது உப்பு வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும். பூச்சு பொரிந்து உதிரும்.

இப்படிப்பட்ட சுவரில் எந்த ஷீட்டை ஒட்டினாலும் குறை மறையுமே தவிரத் தீராது. உப்பு பின்னால் சேர்ந்து ஷீட்டைத் தள்ளிவிடும். பிறகு பழி பொருளின் மீதும் விற்ற கடை மீதும்தான் வரும். குழாய்க் கசிவை நிறுத்தி, பழைய பூச்சைத் தட்டி, நல்ல தண்ணீரில் புதுப் பூச்சு பூசி, நன்றாகக் காயவிட்ட பிறகே மேற்கொண்டு வேலை செய்யச் சொல்லுங்கள்.

கிரானைட்டும் கடப்பாவும்

அடுப்புக்குப் பின்னால் போட டைல்ஸுக்கு நிகரான பொருள் கிரானைட். கிருஷ்ணகிரி வட்டாரமே நமக்கு அருகில் இருப்பதால் வண்டி வாடகையும் குறைவு. பெரிய பலகையாகப் போட்டால் இணைப்பு ஒன்றிரண்டுதான் வரும். ஆனால் எடை அதிகம். 18 மி.மீ. கனமுள்ள கிரானைட் சதுர அடிக்குச் சுமார் நாலரை கிலோ வரும். பத்தடி நீளம், இரண்டடி உயரம் என்றால் 90 கிலோ. ஆகவே பலகை சமையல் மேடையின் மீது உட்கார்ந்து நிற்க வேண்டும். சுவரில் வெறும் பசையை நம்பித் தொங்கவிடக் கூடாது. கறுப்புக் கல் வாங்கும்போது தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஏறினால் சாயம் ஏற்றிய கல்.

ஆந்திராவிலிருந்து வரும் கடப்பாக் கல் விலை குறைவு. தீயையும் தாங்கும். ஆனால் அது சுண்ணாம்புக் கல் வகை. புளி, எலுமிச்சை, வினிகர் பட்ட இடம் வெளுத்து மங்கிவிடும். ஒரு துண்டில் எலுமிச்சைச் சாறு விட்டு வாடிக்கையாளர் கண்ணெதிரே காட்டிவிட்டால் பின்னால் வாக்குவாதம் வராது. நம் பகுதியில் உப்புத் தண்ணீர் விடும் வெள்ளைக் கறையைப் பலர் வினிகர் போட்டுத் துடைக்கிறார்கள். கடப்பாவில் அதைச் செய்யக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள்.

எவர்சில்வர் தகடு

ஓட்டல் சமையற்கூடங்களில் காலங்காலமாக இருப்பது இதுவே. நம் மாநிலத்தில் சேலம் உருக்காலையே எவர்சில்வர் தகடு தயாரிக்கிறது. அடுப்புச் சுவருக்கு இது தாராளமாக ஆகும்.

இதில் தரம் பார்த்து வாங்க வேண்டும். 304 என்ற தரத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் உண்டு. 202 என்பது நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்தது. விலை குறைவு, துரு பிடிக்கும் வாய்ப்பு அதிகம். காந்தம் வைத்துப் பார்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 430 தரத்தில் காந்தம் ஒட்டும். 202, 304 இரண்டிலுமே சாதாரணமாக ஒட்டாது. ஆகவே ஆலையின் தரச் சான்றைக் கேட்டு வாங்குவதே வழி. 304 ஆனாலும் கழிவறை ஆசிட், பிளீச்சிங் போட்டுத் துடைத்தால் புள்ளி விழும். தகட்டில் சுவிட்ச் பெட்டிக்கு வெட்டு இருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் இணைப்பைச் சரிபார்ப்பது கட்டாயம்.

கண்ணாடி

பின்பக்கம் வர்ணம் பூசிய கண்ணாடி பார்க்க அழகு. இணைப்பு குறைவு; ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் போதும். ஆனால் வர்ணக் கண்ணாடி வேறு, டஃபன் செய்த கண்ணாடி வேறு. அடுப்புக்குப் பின்னால் டஃபன் செய்ததுதான் போட வேண்டும். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றால் குளிரவைப்பதால் அது சாதாரணக் கண்ணாடியைப் போல் நாலைந்து மடங்கு பலம் பெறுகிறது. உடைந்தாலும் கூரிய துண்டுகளாகாமல் சிறு சிறு மணிகளாக உதிரும்.

டஃபன் செய்த பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. ஆகவே மேடை, பிளக் பாயிண்ட், குழாய் எல்லாம் முடிந்த பிறகே அளவெடுத்து ஆர்டர் கொடுக்க வேண்டும். அரை அங்குலம் தவறினாலும் கண்ணாடி வீண். அளவுச் சீட்டில் வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது.

பி.வி.சி., ஏ.சி.பி., மைக்கா

இப்போது வேகமாக விற்பவை இவை. விலை குறைவு, ஒரே நாளில் வேலை முடியும், கொத்த வேண்டியதில்லை. கவனமும் இங்கேதான் அதிகம் தேவை.

பி.வி.சி. ஷீட் சுமார் 80 டிகிரி சூட்டிலேயே இளகத் தொடங்கும். நம் வீடுகளில் பண்டிகைக்குப் பெரிய டேக்சாவை அடுப்பில் ஏற்றுகிறோம். பாத்திரம் அடுப்பை விட அகலமாக இருக்கும்போது தீ சுற்றி வந்து சுவரைத் தொடும். அப்போது ஷீட் நெளியும். தீப்பிடித்தால் மூச்சை அடைக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும்.

ஏ.சி.பி. என்பது இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது. வெளியே உலோகமாகத் தெரிவதால் தீப்பிடிக்காது என்று நினைத்து வாங்குகிறார்கள். 2017 ஜூன் 14ஆம் தேதி லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடத்தில் 72 உயிர்களைப் பலிகொண்ட தீ, வெளிச்சுவரில் பொருத்தியிருந்த இத்தகைய பாலிஎத்திலீன் நடுப்பகுதி கொண்ட தகடுகள் வழியாகத்தான் மளமளவென்று பரவியது. தீத்தடுப்பு நடுப்பகுதி கொண்ட ரகம் தனியாக உண்டு. எது என்று கேட்டு வாங்கி, அதைச் சொல்லி விற்க வேண்டும்.

மைக்கா ஷீட் என்று நாம் சொல்வதில் மைக்கா இல்லை. பிசினில் தோய்த்த காகித அடுக்குகளை அழுத்திச் செய்தது அது. 1912இல் அமெரிக்காவில் மின்சாதனங்களில் மைக்காவுக்கு மாற்றாகக் கண்டுபிடித்ததால் ‘ஃபார்மைக்கா’ என்ற பெயர் வந்தது. அலமாரிக்கு நல்ல சரக்கு. சிங்க் ஓரத்தில் பிளைவுட் மீது ஒட்டினால் தண்ணீர் இறங்கி உப்பும்.

இம்மூன்றையும் மேடையில் அடுப்பில்லாத பக்கத்துக்குக் கொடுக்கலாம். அடுப்புக்கு இருபுறமும் ஓரடியாவது விட்டு, மேலே சிம்னி வரை கிரானைட், எவர்சில்வர் அல்லது டஃபன் கண்ணாடி போட்டுவிட்டால், மற்ற இடத்துக்கு மலிவான பொருள் போதும். வாடிக்கையாளருக்குச் செலவும் அடங்கும், ஆபத்தும் இல்லை.

குவார்ட்ஸ் பலகை

குவார்ட்ஸ் தூளும் பிசினும் சேர்த்துச் செய்த பலகை இது. கறை பிடிக்காது; பிசின் இருப்பதால் கடும் சூட்டில் நிறம் மாறும். இதைவிட முக்கியம், வெட்டுகிறவரின் உயிர். அந்தத் தூசு நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்ற தீராத நோயைத் தருவதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இப்பலகையின் விற்பனையையே தடை செய்துவிட்டது. கிரானைட் தூசிலும் சிலிகா உண்டு. எந்தக் கல்லானாலும் தண்ணீர் விட்டு வெட்டவும், தகுந்த முகமூடி அணியவும் நம் பட்டறைகளில் வற்புறுத்த வேண்டும்.

பெயிண்டும் சுண்ணாம்பும்

செலவு மிகக் குறைவாக வேண்டுவோருக்கு, அடுப்பில்லாத சுவரில் எனாமல் அல்லது எப்பாக்சி பெயிண்ட் போதும். செட்டிநாட்டு வீடுகளில் காணும் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கருப் பூச்சைச் சிலர் விரும்பிக் கேட்கிறார்கள். சுண்ணாம்புப் பூச்சு சுவர் ஈரத்தை வெளியே விடும். ஆனால் தெரிந்த கொத்தனார் அவசியம். எண்ணெய் தெறிக்கும் இடத்துக்கும் அது ஏற்றதல்ல.

பில்லில் எழுதுங்கள்

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இல் பொருளால் நேரும் தீங்குக்கான பொறுப்பு பற்றித் தனி அத்தியாயம் உள்ளது. உற்பத்தியாளர் கொடுத்த எச்சரிக்கையையோ உபயோகிக்கும் முறையையோ வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காமல் விற்று, அதனால் தீங்கு நேர்ந்தால் விற்றவரும் பொறுப்பாவார். உற்பத்தியாளர் தராத உத்தரவாதத்தை நாமாக வாய்விட்டு, அது பொய்த்துத் தீங்கு நேர்ந்தாலும் அப்படியே. “ஒண்ணும் ஆகாது, தைரியமா ஒட்டுங்க” என்று சொல்லும் முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. “அடுப்புக்குப் பின்னால் ஒட்டக் கூடாது”, “புளி, எலுமிச்சை படக் கூடாது” என்று ரப்பர் ஸ்டாம்பு செய்து வைத்துக்கொண்டு, அந்தந்தச் சரக்கின் பில்லில் குத்திக் கொடுங்கள். ஒட்டும் ஆளிடமும் சொல்லுங்கள். நம்மிடம் சரக்கெடுக்கும் சில்லறைக் கடைக்காரர்களுக்கும் மொத்த வியாபாரிகள் இதையே எழுதிக் கொடுக்க வேண்டும். எச்சரிக்கை மொத்தக் கடையிலேயே நின்றுபோனால் அடுப்படியில் நிற்கும் பெண்மணிக்கு அது போய்ச் சேராது. இதனால் ஒன்றிரண்டு விற்பனை தவறலாம். அந்த வாடிக்கையாளர் அடுத்த வீடு கட்டும்போது நம் கடைக்குத்தான் வருவார்.