சந்தை சரியும் நாளில் உங்கள் ஆலோசகர் என்ன சொல்கிறார்?

2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 3,934 புள்ளிகள் சரிந்தது. ஒரே நாளில் சுமார் 13 சதவீதம். கொரோனா பீதியில் பலர் மியூச்சுவல் ஃபண்டை விற்று வெளியேறினார்கள். மாதாமாதம் போடும் எஸ்ஐபி முதலீட்டை நிறுத்தியவர்களும் உண்டு. பத்தே மாதத்தில், 2021 ஜனவரியில், அதே சென்செக்ஸ் 50,000-ஐத் தொட்டது. கணக்கில் மட்டும் தெரிந்த நஷ்டம், விற்றவர்களுக்கு நிஜ நஷ்டமாகிவிட்டது.

இப்படிப் பதறி விற்றதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. ஆயிரம் ரூபாய் கிடைத்தால் வரும் மகிழ்ச்சியைவிட, ஆயிரம் ரூபாய் போனால் வரும் வலி அதிகம் என்று டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே விளக்கினார்கள். படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் அந்த வலி பொதுவானது.

நல்ல ஆலோசகரின் வேலை சரிவுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. "பத்து லட்சம் போட்டு, அது ஏழு லட்சமாகத் தெரிந்தால் என்ன செய்வீங்க?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்பார். இரண்டு வருடத்தில் மகள் கல்யாணம் என்றால் அந்தப் பணத்தைப் பங்குச்சந்தைப் பக்கமே போகவிட மாட்டார். ஆறு மாதச் செலவுக்கான தொகையை வங்கியில் வைக்கச் சொல்வார். பேசி முடிவானதை எழுதியும் வைப்பார். சந்தை விழுந்த அன்று நீங்கள் பதறிப்போய் அழைத்தால், அந்தத் தாளை எடுத்து உங்கள் முடிவை உங்களுக்கே வாசித்துக் காட்டுவார். விற்கத்தான் வேண்டுமென்றால் எதை, எவ்வளவு என்பதையும் நிதானமாகப் பேசுவார்.

ஆசைக்கும் அவர் கடிவாளம் போட வேண்டும். எஃப் அண்ட் ஓ எனும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டார்கள் என்கிறது பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஆய்வு. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். "வேண்டாம்" என்று சொல்லி உங்கள் கோபத்தைச் சம்பாதித்துக்கொள்ளும் ஆலோசகரை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் அவர் உண்மையில் ஆலோசகர்தானா? கமிஷனுக்கு ஃபண்ட் விற்பவர் விநியோகஸ்தர்; ஏஆர்என் எனும் பதிவு எண் வைத்திருப்பார். அது சட்டப்படியான தொழில்தான். உங்களிடம் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்பவருக்கு, செபியின் 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி ஐஎன்ஏ என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். உங்களால் எவ்வளவு ரிஸ்க் தாங்க முடியும் என்பதை மதிப்பிட்டு, அதற்குப் பொருந்தும் யோசனையைத்தான் அவர் சொல்லலாம். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் உங்கள் உரிமை. கட்டணத்தை ரொக்கமாகக் கேட்கக் கூடாது. லாபத்துக்கு உத்தரவாதமும் தரக் கூடாது. பதிவு எண்ணைச் செபி இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள், அவர் அனுப்பும் சான்றிதழ்ப் படத்தை நம்பி இருந்துவிடாதீர்கள்.

மோசடிக்காரர்களும் இதே பயத்தையும் ஆசையையும்தான் குறிவைக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, மற்றவர்களின் லாபத்தைக் காட்டி, "இன்று மாலைக்குள் போட வேண்டும்" என்று அவசரப்படுத்துவார்கள். முதலில் சிறு தொகையைத் திருப்பித் தருவதும் உண்டு. நம்பிக்கை வந்தபின் பெருந்தொகை போகும்.

சந்தை இறங்கியதால் வந்த நஷ்டத்துக்கு யாரும் ஈடு தர மாட்டார்கள். பொருந்தாத யோசனை, மறைக்கப்பட்ட கமிஷன், பொய் வாக்குறுதி என்றால் புகார் செய்யலாம். முதலில் ஆலோசகரிடமே எழுத்தில் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் எனும் புகார்த் தளத்தில் ஒரு வருடத்துக்குள் பதிவு செய்யுங்கள். 21 நாளில் அவர் பதில் தந்தாக வேண்டும். அதிலும் தீராவிட்டால் ஸ்மார்ட் ஓடிஆர் எனும் இணையவழித் தகராறு தீர்வுத் தளத்தில் சமரசத்துக்கும் நடுவர் தீர்ப்புக்கும் வழி உண்டு. உதவிக்கு 1800 22 7575 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

இணைய மோசடியில் பணம் போயிருந்தால், அவமானம் என்று வீட்டில் மறைத்து நாளைக் கடத்தாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தகவல் போனால்தான் அதை முடக்கிவைக்க முடியும். குழு உரையாடலையும் பரிமாற்ற எண்ணையும் அழிக்காதீர்கள். காவல்துறை முதலில் கேட்பது அவற்றைத்தான்.