தலையுள் ஓடும் வாய்க்கால்

நம் கொங்கு நாட்டுக் கிணறுகளில் இறைபொறியின் அடிக்குழாயிற் பொருத்தப்பெறும் புட்வால்வை அறியாதார் சிலரே. அது நீரை மேலே செல்லவிடும், கீழே திரும்பவிடாது. அதிற் சேறு அடைத்தாலும், வாசர் தேய்ந்தாலும், பொறி எத்துணைச் சுழன்றும் நீர் ஏறாது. அத்தகைய சிறு வால்வொன்று மாந்தர் உடலினுள்ளும் அமைந்து உயிர் காக்கின்றது. அது நாளடைவிற் பழுதுறும் வகையை ஈண்டு ஆராய்வாம்.

மூளையின் உட்குழிகளில் நாள்தோறும் ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் தெளிநீர் ஊறி, பின்னர் இரத்தத்திற் கலக்கின்றது. அவ்வழி அடைபடின் நீர் தேங்கி மூளையை நெருக்கும். கைக்குழந்தையாயின் தலையும் பெருக்கும். இதுவே ஹைட்ரோசெபாலஸ் என்னும் நீர்த்தலை நோய். தேங்கிய நீரைத் தோலின்கீழ்ச் செல்லும் மெல்லிய குழாயால் பெரும்பாலும் வயிற்றறைக்கு வடிய விடும் கருவியே ஷண்ட். 1956-ல் அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்னும் பட்டறைத் தொழிலாளர், இந்நோயுற்ற தம் மகன் பொருட்டுச் சிலிக்கோன் வால்வு ஒன்றை ஆக்கினார். நம் நாட்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-ல் ஜேக்கப் சாண்டி அவர்கள் மூளை அறுவை மருத்துவத்தைத் தொடங்கினார். தில்லியில் உபாத்தியாயா அவர்கள் எளியோர்க்கேற்ற குறைந்த விலை ஷண்டை வகுத்தார்.

இனி, பழுது வரும் வகைகளைக் காண்போம். முதலாவது, உள்முனையில் மூளைத் திசு புகுந்து அடைத்தல். இரண்டாவது, பிள்ளை வளரக் குழாய் வளராமையின், அது குட்டையாகி வயிற்றிலிருந்து விலகுதல். மூன்றாவது, ஆண்டுகள் பல சென்றபின் குழாயின்மேற் சுண்ணம் படிந்து, அது மென்மை இழந்து, சுற்றியுள்ள தசையோடு ஒட்டிக்கொள்ளுதல். நாள்தோறும் திரும்பி வளையும் கழுத்திலே அத்தகைய குழாய் எளிதில் முறிகின்றது.

இங்குதான் பெரும் ஏமாற்றம் நேர்கின்றது. முறிந்த குழாயைச் சுற்றி உடல் முன்னரே ஓர் உறையை அமைத்திருக்கும். குழாய் உடைந்தும் நீர் சின்னாள் அவ்வுறை வழியே வாய்க்கால்போல் ஓடும். பிள்ளையும் நலமாகவே தோன்றுவான். பின்னர் ஒருநாள் அவ்வழியும் தூர்ந்துவிடும். தலைவலி, வாந்தி, மிகுந்த உறக்கம், பார்வை மங்கல் ஆகியன தோன்றும். "பத்தாண்டு நலமாயிருந்தானே! இது பித்தம், வெயிலின் கொடுமை" என்று வீட்டார் காலங்கடத்துவாராயின், கண்ணொளியேனும் உயிரேனும் இழக்க நேரிடும். உடனே மருத்துவமனையை அடையின், ஸ்கேனாலும் எக்ஸ்ரேயாலும் பழுதைக் கண்டு, குழாயை மாற்றிக் காத்தல் கூடும்.

ஆதலின் ஷண்ட் பொருத்தியதோடு நோய் தீர்ந்ததென எண்ணற்க. அறுவை நடந்த நாளையும் கருவியின் வகையையும் குறித்த சீட்டைப் பேணி வைத்தல் வேண்டும். பிள்ளை வளர்ந்து வேற்றூர் செல்லினும் அச்சீட்டு உடன் செல்லல் வேண்டும். கோடை வருமுன் புட்வால்வை மேலே எடுத்துத் துலக்கிப் பார்ப்பான் உழவன். தலையினுள் உள்ள வால்வை அங்ஙனம் எடுத்துப் பார்த்தல் இயலாது. அதற்குக் காவல், உடனிருப்போரின் விழிப்புடைய கண்களே.