டிஸ்க்கைக் கழற்றும் முன்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்களுக்கு மலை ஏறத் தொடங்கும் இடம் கல்லாறு. ஊருக்குப் பெயர் தந்த ஆறு உருண்டைக் கற்களின் மேல் ஓடி வாமனபுரம் ஆற்றில் கலக்கிறது. அதைத் தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் மண் சரிந்து அந்தச் சாலை அடைபட்டால் பொன்முடிக்கு யாரும் போக முடியாது. அதற்காகப் பொன்முடியே இடிந்துவிட்டது என்று எவரும் சொல்வதில்லை. வழி அடைபட்டிருக்கிறது என்றுதான் சொல்வார்கள். சாலை விஷயத்தில் எல்லோருக்கும் புரிகிற இந்த வேறுபாடு கணினி விஷயத்தில் மறந்துபோகிறது. பழைய சர்வர் ஒன்றின் திரையில் டிஸ்க் பிழை என்று ஒரு வரி வந்தால் போதும், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுவதே வழக்கமான வைத்தியம். பழுது டிஸ்க்கிலா, டிஸ்க்குக்குப் போகும் வழியிலா என்ற கேள்வி எழுவதே இல்லை. எழ வேண்டும். அதிலும் கல்லாறு போல ஆண்டின் பெரும்பகுதி ஈரம் காயாத ஊர்களில் முதலில் எழ வேண்டிய கேள்வியே அதுதான்.

சர்வருக்குள் ஒரு கோப்பு எப்படிப் பயணம் செய்கிறது என்று தெரிந்தால் இந்தக் கேள்வியின் நியாயம் புரியும். செயலி கேட்ட தகவல் கன்ட்ரோலர் அட்டை வழியாக, கேபிள் வழியாக, டிஸ்க்கின் அடியில் ஒட்டியிருக்கும் மின்சுற்றுப் பலகையைத் தாண்டி, சுழலும் தட்டுக்குப் போய்த் திரும்ப வேண்டும். பல கருவிகள் பங்குபோட்டுக்கொள்ளும் இந்தப் பொதுப்பாதைக்குப் பெயர் பஸ். பழைய சர்வர்களில் இருந்தது ஸ்கஸி என்ற வகை. 1986இல் தர நிர்ணயம் பெற்றது. ஒரே கேபிளில் 8 கருவிகள், பிற்பாடு 16 கருவிகள் வரை கோத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. 7ஆம் எண் பெரும்பாலும் கன்ட்ரோலருக்கு. கேபிளின் இரண்டு முனைகளிலும் டெர்மினேட்டர் என்ற சிறு அடைப்பான் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால், கிணற்றுக்குள் கத்திய குரல் சுவரில் மோதித் திரும்புவதுபோல மின்குறிப்பு முனையில் மோதித் திரும்பி, அடுத்து வரும் குறிப்போடு கலந்து குழப்பும். ஒரு கருவி பாதையைப் பிடித்துக்கொண்டு விடாவிட்டால் மற்ற எல்லாக் கருவிகளும் காத்துக் கிடக்கும். கடைசியில் இயங்குதளம் பொறுமையிழந்து பஸ்ஸையே ரீசெட் செய்யும். அப்போது திரையில் வரும் செய்தியில் ஏதோ ஒரு டிஸ்க்கின் எண் இருக்கும். காத்திருந்தவன் பெயர் அது. தடுத்தவனும் அவனே என்பதற்கு அந்தச் செய்தியில் சான்று எதுவும் இல்லை.

இதை வெறும் ஊகமாக விட்டுவிடத் தேவையில்லை, எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2008இல் வெளியான ஓர் ஆய்வு, நெட்ஆப் நிறுவனத்தின் சுமார் 39,000 சேமிப்பு அமைப்புகளின் 44 மாதப் பதிவுகளை அலசியது. அவற்றில் இருந்த டிஸ்க்குகள் ஏறத்தாழ 18 லட்சம். சேமிப்பில் ஏற்பட்ட கோளாறுகளில் டிஸ்க்குகளே காரணமாக இருந்தவை, அமைப்பின் வகையைப் பொறுத்து, 20 முதல் 55 சதவீதம். கேபிள், இணைப்பான், டிஸ்க் பெட்டி போன்ற வழித்தடங்களால் வந்தவை 27 முதல் 68 சதவீதம். ஒரு வழிக்கு இரண்டு வழி வைத்திருந்த அமைப்புகளில் கோளாறுகள் 30 முதல் 40 சதவீதம் குறைவு என்பதும் அதே ஆய்வின் கணக்கு. இதற்கு ஓராண்டு முன் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளை வைத்துச் செய்த ஆய்விலும் ஒரு செய்தி உண்டு: பழுது என்று வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய டிஸ்க்குகளில் 43 சதவீதத்தில் ஒரு குறையும் தென்படவில்லை என்று ஒரு தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறார். அந்த டிஸ்க்குகளைக் கழற்றியவர்கள் எல்லோரும் அவசரக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் திரையில் கண்ட பெயரையே குற்றவாளியின் பெயராக எடுத்துக்கொண்டவர்கள் அவர்களில் கணிசமாக இருந்திருப்பார்கள்.

ஈரத்தின் பங்கு தனியே பார்க்க வேண்டியது. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மைக்ரோசாஃப்ட்டின் 9 தரவு மையங்களில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்தது. வெளிக்காற்றாலேயே குளிரூட்டும் மையங்களும் அவற்றில் இருந்தன. வெப்பத்தைவிடக் காற்றின் ஈரப்பதமே கருவிகளின் பழுதில் முதன்மைப் பங்கு வகிக்கிறது என்று அது கண்டது. ஈரம் மிகுந்த இடங்களில் கூடும் டிஸ்க் பழுதுகள் பெரும்பாலும் கன்ட்ரோலர், இணைப்பு ஆகியவற்றில் வரும் கோளாறுகள் என்பது அதன் முடிவு. தட்டு மூடிய உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. வெளியே தெரியும் உலோக முனைகளைத்தான் ஈரம் தின்கிறது. இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையும் துலாவர்ஷம் என்ற வடகிழக்குப் பருவமழையும் அடுத்தடுத்து நனைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இது எப்படி நடக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. பகலில் ஏசி ஓடும் அறையில் இரவில் அதை அணைத்துவிட்டுப் போகிறார்கள். ஈரக்காற்று உள்ளே வந்து, குளிர்ந்திருக்கும் உலோகத்தின் மேல் பனித்துளியாகப் படிகிறது. சூடேறி ஆறி, சூடேறி ஆறி இணைப்பான்கள் மயிரிழை அளவு அசைகின்றன. அசைந்த இடத்தில் களிம்பு ஏறுகிறது. துலாவர்ஷத்தின் பிற்பகல் இடிமின்னலில் மின்சாரம் ஏறி இறங்குவது தனிக் கதை. பத்தாண்டு ஓடிய பவர் சப்ளையில் கெப்பாசிட்டர் உப்பியிருந்தால், எல்லா டிஸ்க்குகளும் ஒரே நேரத்தில் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட் மின்னழுத்தம் தாழ்ந்துபோகும். அந்தத் தாழ்வும் திரையில் டிஸ்க் பிழையாகவே காட்சி தரும்.

டிஸ்க்கை உடனே மாற்ற வேண்டாம் என்ற இந்த வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கூகுள் நிறுவனம் 2007இல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை ஆராய்ந்து, மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை காட்டிய டிஸ்க் அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையே காட்டாத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டது. அப்படியிருக்க, பிழை கண்டவுடன் மாற்றிவிடுவதுதானே புத்திசாலித்தனம்? அந்தப் பிழையைப் பொறுத்தவரை, ஆம். ஆனால் அது தட்டின் மேற்பரப்பில் கண்ட பிழை. திரையில் வருகிற எல்லாப் பிழையும் அந்த வகை அல்ல. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் கணக்குப் புத்தகம் ஒவ்வொரு டிஸ்க்குக்குள்ளும் இருக்கிறது. ஸ்மார்ட் என்று பெயர். சாட்டா வகை டிஸ்க்குகளில் 5ஆம் வரி, கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட செக்டர்களின், அதாவது தட்டின் சிறு துண்டுகளின், எண்ணிக்கை. 197, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. 198, சரிசெய்ய இயலாதவை. இவை ஏறினால் நோய் தட்டில். 199ஆம் வரியோ வேறு கதை சொல்லும். கேபிளில் வரும் வழியிலேயே சிதைந்துபோன தகவல்களின் எண்ணிக்கை அது. 199 மட்டும் ஏறி மற்றவை சும்மா இருந்தால் டிஸ்க்கை மாற்றிப் பயனில்லை, கேபிளைப் பாருங்கள். ஒன்றை மறக்கக் கூடாது: 199இல் ஏறிய எண் திரும்ப இறங்காது. எத்தனை இருக்கிறது என்பதைவிட நேற்றைக்கும் இன்றைக்கும் கூடியிருக்கிறதா என்பதே முக்கியம். புதுக் கேபிள் மாட்டிய பிறகு அந்த எண் அசையாமல் நின்றால் வழக்கு முடிந்தது.

ஸ்மார்ட் கணக்கோடு, பிழைச் செய்திகளின் நடையையும் படிக்க வேண்டும். ஒரே டிஸ்க், ஒரே செக்டர் எண், திரும்பத் திரும்ப என்றால் சந்தேகம் அந்த டிஸ்க்கின் மேல். இன்று 2ஆம் எண், நாளை 4ஆம் எண், சில சமயம் இரண்டும் ஒரே நொடியில் என்றால், அவை பங்குபோட்டுக்கொள்ளும் எதையோ சந்தேகிக்க வேண்டும்: கேபிள், டெர்மினேட்டர், கன்ட்ரோலர், பவர் சப்ளை. இதிலும் தெளிவு வராவிட்டால் மெக்கானிக்குகளின் பழைய முறை இருக்கிறது. இயந்திரத்தை அணைத்து, சந்தேகப்படும் டிஸ்க்கை வேறொரு கேபிளுக்கு மாற்றிப் போடுவது. பிழை டிஸ்க்கோடு கூடவே போனால் டிஸ்க். பழைய இடத்திலேயே தங்கினால் வழி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றிப் பிழை நின்றுவிட்டால் சர்வர் ஓடும்; எது பழுது என்பது தெரியாமலே போகும். பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கோத்துப் பயன்படுத்தும் ரெய்டு அமைப்பாக இருந்தால் ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் அதன் இட எண்ணை எழுதி ஒட்டாமல் எதையும் இடம் மாற்றவே கூடாது.

இத்தனைக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: நகல். அதே கூகுள் ஆய்வில், செயலிழந்த டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு எச்சரிக்கைக் கணக்குகளில் ஒன்றிலும் அடையாளம் காட்டாமலே செயலிழந்தன. ஸ்மார்ட் சும்மா இருக்கிறது என்பதால் டிஸ்க் நலமாக இருக்கிறது என்று பொருளில்லை. ஆகவே நோய் கண்டறிவதற்கு முன்பே உயிரைக் காப்பாற்றிவிட வேண்டும். ஆடிப்போயிருக்கும் டிஸ்க்கின் மேலேயே கோப்பு முறைமையைப் பழுதுபார்க்கும் நிரலை ஓட்டுவது மிக ஆபத்தான பழக்கம். அது எழுதுகிற ஒவ்வொரு எழுத்தும் மீட்கக்கூடிய ஒன்றை அழிக்கலாம். ஜிஎன்யு திட்டத்தின் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் வேகமாக நகலெடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு பொறுமையாகத் திரும்பி வரும். இதை வாங்கப் பணம் வேண்டாம், படிக்க நேரம்தான் வேண்டும். 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்ட நகரம் திருவனந்தபுரம். அந்த மாவட்டத்தில் இந்தக் கருவிக்காக வெகுதூரம் தேட வேண்டியதில்லை.

ரெய்டு இருக்கும்போது நகல் எதற்கு என்பார்கள். ரெய்டு ஒரு டிஸ்க் போனால் தாங்கும். வழி போனால் தாங்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. ரெய்டு 5இல் ஒரு டிஸ்க்கைப் பழுதென்று நினைத்துக் கழற்றிப் புதியதை மாட்டினால், மற்ற எல்லா டிஸ்க்குகளையும் முதலிலிருந்து கடைசிவரை படித்துத்தான் புதியதை நிரப்பும். தளர்ந்த கேபிளுக்கு அதைவிடக் கடுமையான சோதனை வேறில்லை. அந்த நேரத்தில் இன்னொரு டிஸ்க் ஒரு நிமிடம் பஸ்ஸிலிருந்து காணாமல் போனால் முழு அடுக்கும் சரிகிறது. நல்ல டிஸ்க் ஒன்றைக் கழற்றியதால் வந்த வினை அது. டிஸ்க் மலிவு, ஆள்நேரம் விலை, எனவே மாற்றிவிடுவதே சிக்கனம் என்ற வாதத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. மேலும் பழைய சர்வருக்கு ஏற்ற ஸ்கஸி டிஸ்க் இன்று கடையில் புதிதாகக் கிடைப்பது அரிது. கிடைப்பது யாரோ பயன்படுத்திக் கழித்தது. வயது தெரியாத டிஸ்க்கை மாட்ட, வயது தெரிந்த நல்ல டிஸ்க்கைக் கழற்றுவது சிக்கனமாகாது.

பெரிய தரவு மையங்களின் சதவீதக் கணக்கு ஒரு சின்ன அலுவலகத்தின் ஒற்றை சர்வருக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயமான கேள்வி. அப்படியே பொருந்தாது. சதவீதம் எங்கிருந்து தேடத் தொடங்கலாம் என்று மட்டும் சொல்லும். தீர்ப்பு அந்தந்த இயந்திரத்தின் பதிவேட்டில்தான் இருக்கிறது. இன்னொரு கேள்வி, இத்தனை பாடு எதற்கு, பழையதை ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் மேகத்துக்கு ஏற்றிவிடலாமே என்பது. கேரளம் அந்தத் திசையில்தான் நடந்திருக்கிறது. 1999இல் தொடங்கிய இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன் உள்ளாட்சி அலுவலகங்களைக் கணினிமயமாக்கியது. பிறப்பு இறப்புப் பதிவு, வரி, திட்டக் கணக்கு எல்லாம் படிப்படியாக இணையத்துக்குப் போயின. 2024 ஜனவரி 1 முதல் நகர உள்ளாட்சிகளில் கே-ஸ்மார்ட் என்ற இணையச் சேவை வந்தது. போவது சரியே. ஆனால் போகிற நாளில் பழைய இயந்திரத்திலிருந்து தகவலை முழுதாகப் படித்தெடுக்க வேண்டும். வருஷக்கணக்கில் யாரும் தொடாத மூலைகளை அன்றுதான் தொடுகிறோம்; மறைந்திருந்த பிழை வெளியே வருவதும் அன்றுதான். பழைய சர்வரைக் கைவிடுவதற்கும் அதன் நோய் தெரிந்திருக்க வேண்டும்.

கேபிளைக் கழற்றி முனையைத் துடைத்து மறுபடி அழுத்தி மாட்டுவதற்குக் கால் மணி நேரம் ஆகும். செலவு ஒன்றுமில்லை. அதில் தீராவிட்டால் டிஸ்க்கை மாற்றுங்கள்; அப்போது அதற்குக் காரணம் கையில் இருக்கும். பிழைச் செய்தி வந்த நாளில் நேரத்தோடு அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து நகல் எடுங்கள். அடுத்து 5, 197, 198, 199 என்ற நான்கு வரிகளைப் படியுங்கள். திருப்புளியை எடுப்பது அதற்குப் பிறகு.