அறுவடை இயந்திரமும் பயின்ற கையும்

நெல்லை அறுத்து, சூடடித்து, தூற்றுகின்ற வேலைகள் யாவற்றையும் ஒரே முறையிற் செய்து முடிக்கும் கூட்டு அறுவடை இயந்திரம் இன்று நம் வயல்களிற் சாதாரணமாகக் காணப்படுகின்றது. முன்னர் பலர் கூடிப் பல நாட்கள் செய்த வேலையை ஒரு சாரதி சில மணி நேரத்திற் செய்துவிடுகின்றார். ஆகவே, பலருடைய கைகளிற் பரந்திருந்த திறமை இப்பொழுது ஒருவருடைய கையில் அடங்கியிருக்கின்றது. அவர் தம் தொழிலை முறைப்படி கற்றவரா என்பது இயந்திரச் சொந்தக்காரரை மட்டுமன்றி, வயலுக்குரியவரையும் பாதிக்கும் விடயமாகும்.

வயலிற் சிந்தும் நெல்

கதிர்களை உள்ளே தள்ளும் சுழலி மிகுந்த வேகத்திற் சுற்றினால் முற்றிய மணிகள் நிலத்தில் உதிரும். கதிரடிக்கும் உருளையின் வேகம் அளவுக்கு மிஞ்சினால் மணிகள் வெடித்து, விதைக்கு உதவாமற்போவதுடன் ஆலையிற் குறுநொய்யாகவும் உடையும். அவ்வேகம் குறைந்தால் மணிகள் கதிரிலேயே தங்கி வைக்கோலுடன் வெளியேறும். காற்றாடியின் காற்றுக் கூடினால் நல்ல நெல்லும் பதருடன் பறக்கும். காலையிற் செய்த சரிப்படுத்தல், வெயிலேறிப் பயிர் உலர்ந்தபின் பொருந்தாதிருக்கலாம். இவற்றை உணர்ந்து உடனுக்குடன் திருத்துவதே சாரதியின் தேர்ச்சியாகும்.

இந்நட்டத்தைக் கமக்காரர் தாமே அளந்தறியலாம். ஒவ்வொரு பக்கமும் ஒரு மீற்றர் நீளமுள்ள மரச்சட்டம் ஒன்றை, இயந்திரம் சென்றபின் அது வெட்டிய அகலம் முழுவதிலும் பல இடங்களில் வைத்து, வைக்கோலை உதறி, நிலத்திலுள்ள மணிகளை எண்ணிச் சராசரி காணவேண்டும். அறுவடைக்கு முன்னரே உதிர்ந்திருந்தவற்றைக் கழித்துக்கொள்ளல் வேண்டும். 1,000 மணிகள் 25 கிராம் நிறையுள்ள நெல்லாயின், சதுர மீற்றருக்கு 200 மணிகள் என்பது 5 கிராமாகும். ஓர் ஏக்கர் ஏறக்குறைய 4,047 சதுர மீற்றராகையால், ஏக்கருக்கு 20 கிலோகிராம், அதாவது ஏறத்தாழ ஒரு புசல் நெல், வயலிலேயே கிடக்கின்றது.

மேலும், ஒரு வயலில் வேலை முடிந்ததும் துப்புரவு செய்யப்படாத இயந்திரம், களைநெல்லின் விதைகளை அடுத்த வயலுக்குக் கொண்டுசெல்லும். அத்தீங்கு பல போகங்களுக்கு நீடிக்கும்.

பொதுப் பணம் ஏன்?

தம் சாரதியைப் பயிற்றுவித்தால் அவர் கூடிய கூலிக்கு வேறொருவரிடம் சென்றுவிடுவார் என்று சொந்தக்காரர் அஞ்சுகின்றார். பயிற்சிக்குச் சென்றால் அந்நாட்களின் கூலியை இழக்க நேரிடும் என்று தொழிலாளர் தயங்குகின்றார். இரு அச்சங்களும் நியாயமானவையே. ஆனால், ஒவ்வொருவரும் இவ்வாறு எண்ணியிருந்தால் ஊரில் ஒருவரும் தேர்ச்சி பெறமாட்டார். நட்டமோ எல்லோரையும் சாரும். பயிற்சியின் செலவைப் பொதுப் பணம் ஏற்பதற்குரிய காரணம் இதுவேயாகும்.

பயிற்சி பெறும் வழிகள்

இந்நாட்டில் 1971ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கச் சட்டம், வேலைத்தலத்திலேயே தொழில் பழகும் பயிலுனர் முறைக்கு ஒரு சபையை அமைத்தது. அப்பணி 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையிடம் சென்றது. 1995இல் தொழிற் பயிற்சி அதிகார சபைக்கான சட்டம் இயற்றப்பட்டது. பண்ணை இயந்திரங்களைப் பற்றிய பயிற்சிக்கென விவசாயத் திணைக்களத்தின் நிலையம் ஒன்று அநுராதபுரத்தில் உண்டு.

தேசிய தொழிற் தகைமை 7 மட்டங்களையுடையது. அவற்றுள் 4ஆம் மட்டம் வரையுள்ளவை கைவினைத் தேர்ச்சிக்குரிய சான்றிதழ்கள். பல்லாண்டுகள் வேலை செய்து கற்றவர், மீண்டும் முழுப் பாடநெறியையும் பயிலாது, தம் திறமையைச் செய்துகாட்டி மதிப்பீடு பெறுவதற்கும் வழியுண்டு. பள்ளிப் படிப்புக் குறைந்த சாரதிகளுக்கும் திருத்துவோருக்கும் இது பெரிதும் பயன்படத்தக்கது.

மரக்கறிச் செய்கையாளருக்கு

தெளிகருவியைக் கையாளும் தொழிலாளருக்கும் தேர்ச்சி அவசியம். தேய்ந்த தெளிமுனை வேண்டியதிலும் கூடுதலான மருந்தை வெளிவிடும். கருவியில் நீர் மட்டும் நிரப்பி, ஒரு நிமிடத்தில் வெளிவருவதை அளந்து, புதிய முனையின் அளவுடன் ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். இதை அறிந்த தொழிலாளர் கமக்காரரின் பணத்தையும் தம் உடல்நலத்தையும் ஒருங்கே காத்துக்கொள்வார்.

செய்யவேண்டியவை

1. சொந்தக்காரர் அறுவடைக்கு முன்னுள்ள ஓய்வு நாட்களிற் சாரதியைப் பயிற்சிக்கு அனுப்புக. அந்நாட்களின் கூலியையும் கொடுத்துதவுக.

2. சான்றிதழ் பெற்றவருக்குக் கூலியைச் சிறிதேனும் உயர்த்துக. அவர் விட்டுச்செல்லாதிருக்க அதுவே தக்க வழியாகும்.

3. ஏக்கர்க் கணக்கிற் கூலி பேசும்போது சாரதி அவசரப்படுதல் இயல்பு. ஆகையால், வேகத்தையும் சிந்தும் நெல்லின் அளவையும் பற்றி முன்னரே பேசிக்கொள்க.

4. இயந்திரம் வயலில் இறங்குமுன் துப்புரவு செய்யப்பட்டதா எனப் பார்த்துக்கொள்க.

5. பயிற்சி பற்றிய விபரங்களை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.

இயந்திரத்தை வாடகைக்குப் பெறும் கமக்காரர், வாடகையை மட்டும் விசாரிக்காது சாரதியின் பயிற்சியையும் விசாரித்தல் வேண்டும். அவ்வாறு பலர் கேட்கத் தொடங்கினால், தம் ஆட்களைப் பயிற்றுவிக்கச் சொந்தக்காரரும் தாமே முன்வருவர். ஏக்கருக்கு ஒரு புசலை மீட்பதற்குப் புதிய நிலமும் வேண்டியதில்லை, மேலதிகப் பசளையும் வேண்டியதில்லை. பயின்ற கை ஒன்றே போதும்.